போகியத்து வீட்டு எலுமிச்சை

போகியத்துக்கு எடுத்த வீட்டில் யாரும் ஆணிகூட அடிக்க மாட்டார்கள். செஞ்சியில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும். அதை அவர் தன் தேவைக்கு வைத்துக்கொள்வார். அவர் நமக்கு வட்டி தர வேண்டாம், நாம் அவருக்கு வாடகை தர வேண்டாம். கெடு முடிந்து அவர் பணத்தைத் திருப்பித் தந்தால் நாம் சாவியைத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அப்படிப்பட்ட வீட்டுக்குச் சொந்தச் செலவில் வெள்ளை அடித்தால்கூட ஊரில் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். நானோ வண்டி வண்டியாக மண் அடித்தேன்.

ஏன் அடித்தேன் என்றால், அதற்கு முன்னால் நான் வாடகை வீட்டில் இருந்தேன். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். ஒற்றை அறையும் ஒரு அடுப்படியும் கொண்ட வீட்டில் குடி வைத்தார். கிணறு பொது. நான் எத்தனை வாளி இறைக்கிறேன் என்று வீட்டுச் சொந்தக்காரி ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் வாய்விட்டே சொல்லிவிட்டாள், “தலைக்கு ஊத்திக்கிறதெல்லாம் வெள்ளிக்கிழமையோட நிறுத்திக்க.” நான் சும்மா இருப்பேனா? “அப்ப மத்த நாள்ல ஒங்க வூட்டுக் கெணத்த மூடி வெச்சிடுங்க, ஆவியா பூடப் போவுது” என்றேன். அந்த மாதமே சாமானைத் தெருவில் எடுத்து வைக்கும்படி ஆயிற்று. என் வீட்டுக்காரர் பாத்திர மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு சிரித்தார்.

“ஒன் வாய்க்கு சொந்த வூடுதான்டி சரிப்பட்டு வரும்” என்றார்.

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இனி செத்தாலும் வாடகை வீடு கிடையாது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

கடைத்தெருவில் வளையல் கடை வைத்திருந்த பாய் ஒருவர் தன் தம்பியை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பப் பணம் தேடிக்கொண்டிருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த விசா மோகம் எங்கள் ஊரையும் ஆட்டியது. அவருக்கு மலையடிவாரத்துப் பக்கம் ஓர் ஓட்டு வீடு இருந்தது. என் நகையை விற்றுப் போகியத்துக்கு எடுத்தோம். மூன்று வருடக் கெடு. வீடு சின்னதுதான், ஆனால் பின்பக்கம் பெரிய மனை. மனை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். முழுக்கக் கல்லும் கருவேல முள்ளும் உடைந்த ஓடும்தான். கடப்பாறையை ஓங்கிப் போட்டால் ‘டங்’ என்று கைக்கே திரும்பி வரும். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. முதல் நாள் தெருக்கோடிக் கைபம்பில் தண்ணீர் அடித்து வந்து, வேண்டுமென்றே ஒரு செவ்வாய்க்கிழமை தலைக்கு ஊற்றிக்கொண்டு, கூந்தலை விரித்துப் போட்டுப் பின்வாசலில் நின்றேன். இந்த வீட்டை விலைக்கு வாங்காமல் இங்கிருந்து கிளம்புவதில்லை என்று சொல்லிக்கொண்டேன். வாங்குவதற்கு வழி அந்த மனைதான் என்றும் தோன்றியது. கண்டக்டர் சம்பளம் வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாகப் போயிற்று. மனை சும்மாதானே கிடந்தது, அது ஏன் சம்பாதிக்கக் கூடாது?

முதலில் பப்பாளி வைத்தேன். பப்பாளி சீக்கிரம் காய்க்கும், மூன்று வருடத்துக்குள் பலன் பார்த்துவிடலாம் என்பது என் கணக்கு. கன்று நன்றாகத்தான் வந்தது, காய்த்தது, பழுக்கவும் தொடங்கியது. பழுக்கிற வாசனை எனக்கு வருவதற்கு முன்னால் மலைமேல் இருந்த குரங்குகளுக்குப் போய்விட்டது. கோட்டைக் குரங்குகளைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கல்யாண வீட்டுக்கு வருவதைப்போலக் குடும்பத்தோடு வந்தன. ஒன்று பழத்தைப் பறித்து ஒரு கடி கடித்துவிட்டு, பிடிக்கவில்லை என்று என்னைப் பார்த்தே கீழே போட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். என் வீட்டுக்காரர் தன் விசிலை எடுத்து ஊதி விரட்டப் பார்த்தார். பெரிய கடுவன் ஒன்று இறங்கி வந்து அவர் கையில் இருந்த விசிலைப் பிடுங்கிக்கொண்டு கூரைமேல் ஏறிவிட்டது. மறுநாள் முழுக்க அவர் பஸ்ஸில் வாயாலேயே “ரைட், ரைட்” என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டி வந்தார். நான் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். ரசத்தைக் குடித்துக்கொண்டே, “ஒன் தோட்டத்தால என் உத்தியோகமே பூடும் போல இருக்குது” என்றார்.

எலுமிச்சை யோசனை அவர் வாயில் இருந்துதான் வந்தது, அவருக்கே தெரியாமல். அமாவாசை வந்தால் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ் விடுவார்கள். அந்த நாளில் அவரைப் பிடிக்கவே முடியாது. கூட்டத்தில் நசுங்கி, சட்டைப் பொத்தான் அறுந்து, திருநீறும் குங்குமமுமாக வீடு வந்து சேர்வார். ஒரு தடவை வந்ததும் வராததுமாகச் செருப்பை உதறிவிட்டுப் புலம்பினார்.

“ஒருத்தி எலுமிச்சம்பழ மாலையோட ஏறிட்டாடி. இன்னா முட்டு, இன்னா இடி! மாலைய தலைக்கு மேல தூக்கிப் புடிச்சிகினே வரா. அங்க போனா ஒரு பழம் இன்னா வெல விக்கிறான் தெரியுமா? நம்ம சந்த வெலைக்கு நாலு பங்கு. அதுக்கும் சண்ட போட்டுக்கினு வாங்கறாங்க.”

நான் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

“கொரங்கு எலுமிச்சம்பழம் துன்னுமா?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. “இன்னாடி கேள்வி இது? துன்னாது. புளிப்பு, முள்ளு வேற.”

அப்புறம் என்ன யோசனை? மாதா மாதம் தப்பாமல் வரும் அமாவாசை, தொடாத குரங்கு, பக்கத்திலேயே சந்தை. அவருக்குத்தான் கவலை. எலுமிச்சை காய்க்க வருடக்கணக்கில் ஆகும், நம் கெடுவோ மூன்று வருடம், இன்னொருத்தன் பறிப்பதற்கா நாம் வைப்பது என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் நான் அந்த வீட்டைவிட்டுப் போகிறவளாக என்னை ஒரு நாளும் நினைத்ததில்லை. போகிறவளுக்குத்தானே அந்தக் கணக்கு!

மேல்சித்தாமூர் ஜைனர் ஒருவர் என் வீட்டுக்காரர் பஸ்ஸில் தினமும் வருவார். விவசாயி. அவரிடம் சொல்லி வைத்து, விதைக்கன்று இல்லாமல் பதியன் போட்ட கன்றாகவே வாங்கினோம். மரத்தில் இருக்கும்போதே கிளைக்கு வேர் விடவைத்துப் பிரித்தெடுப்பது பதியன். அது சீக்கிரம் காய்ப்புக்கு வந்துவிடும். கன்று வந்துவிட்டது, ஊன்றத்தான் மண் இல்லை. கல்லில் எதை ஊன்றுவது? சித்திரையில் ஏரி வற்றியதும் வண்டல் மண்ணை மாட்டு வண்டியில் அடிக்கச் சொன்னேன். குழி குழியாகக் கல்லைப் பெயர்த்து எடுத்து, அந்த இடத்தில் வண்டலையும் எருவையும் கொட்டினோம். பெயர்த்த கல்லை அடுக்கியே சுற்றுச் சுவர் எழுப்பிவிட்டோம். எங்கள் இரண்டு பேருடைய உள்ளங்கையும் கொப்பளித்துவிட்டது. அவர் டிக்கெட் கிழிக்கும்போது கை எரிகிறது என்பார். விளக்கெண்ணெய் தடவிவிடுவேன்.

மண் வண்டி வருவதைக் கேள்விப்பட்டுப் பாயே கடையைச் சாத்திவிட்டு வந்தார். நல்ல மனிதர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. வளையல் அடுக்குகிறவர் இல்லையா, எதையும் மெல்லத்தான் தொடுவார்.

“தங்கச்சி, போகியத்து வூட்டுக்கு யாராவது மண்ணு அடிப்பாங்களா? நாளைக்கு என் தம்பி பணம் அனுப்பிட்டான்னா நான் வூட்ட மீட்டுக்குவன். ஒன் மண்ணையும் மரத்தையும் இன்னா பண்ணுவ?”

“மீட்டா மீளுங்க பாய். நான் மூட்ட கட்டிக்கினு போய்டறன்” என்றேன்.

“எத, மண்ணையா?”

“ஆமா, மண்ணத்தான். சட்டியில அள்ளிக்கினு போவன்.”

அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தபடியே போனார். தெருவில் எங்களுக்குப் பைத்தியக்காரக் குடும்பம் என்று பெயர் வந்தது அன்றிலிருந்துதான். அதைப் பற்றி எனக்கொன்றும் வருத்தமில்லை.

அடுத்த வருடமே மழை பொய்த்தது. கைபம்பில் நூறு அடி அடித்தால் ஒரு குடம். அதற்கும் வரிசை. குடிக்கிற தண்ணீருக்கே அடிதடி நடக்கும்போது எலுமிச்சைக்கு ஊற்றினால் தெருவே என்னைக் கடித்துத் துப்பியிருக்கும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு மரத்துக்குப் பக்கத்திலும் ஒரு பலகைக் கல்லைப் போட்டேன். குளிப்பது அந்தக் கல்லில் நின்றுதான். தண்ணீர் நேராக மரத்தடிக்குப் போகும். நான் விடியுமுன்னே ஓலை மறைப்புக்குள் ஒரு மரத்தடியில் குளித்துவிடுவேன். அவருக்கு வேறொரு மரம். முறை மாறி மாறி வரும். துண்டைக் கட்டிக்கொண்டு, சோப்புப் பெட்டியும் கையுமாகப் பின்வாசலில் நின்று, “இன்னிக்கு எந்த மரம்?” என்று கேட்பார். நான் அடுப்படியில் இருந்தே, “சொவத்தோரம் கீதே, எல சுருண்டுபோன மரம், அதுக்கு” என்பேன். சோப்பு நுரை மரத்துக்கு ஆகாது என்று அவரைப் பாதிநாள் பயத்தமாவு தேய்த்துத்தான் குளிக்கவைத்தேன். “மாப்புள மாதிரி ஜொலிக்கிறியேப்பா” என்று டிரைவர் கிண்டல் செய்வாராம். அந்தக் கோடையில் ஒரு கன்றுகூடச் சாகவில்லை. அவரும் நிறம் கொஞ்சம் தேறினார் என்றுதான் நினைக்கிறேன்.

எலுமிச்சை நிமிர்கிறவரைக்கும் இடையில் சும்மா விடவில்லை. கனகாம்பரமும் சாமந்தியும் போட்டேன், ஓரத்தில் கீரை. பூ கட்டிக் கடைத்தெருப் பூக்காரியிடம் கொடுத்துவிடுவேன். மண் அடித்த செலவு அதிலேயே திரும்பிவிட்டது. மூன்றாம் வருடம் எலுமிச்சை பூத்தது. அந்த வாசனை வந்த காலையில் நான் அவரை உலுக்கி எழுப்பி இழுத்துக்கொண்டு போனேன். தூக்கக் கலக்கத்தில் நின்று முகர்ந்து பார்த்துவிட்டு, “காப்பி போட்டியா?” என்றார். அவ்வளவு ரசனை அவருக்கு.

முதல் காய்ப்பை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு அமாவாசையன்று காலையிலேயே அவருடைய பஸ்ஸிலேயே ஏறினேன். நம் வீட்டுக்காரர் பஸ், நம் சாக்கு என்று கால்மாட்டில் வைத்துக்கொண்டு சொகுசாக உட்கார்ந்தேன். டிக்கெட் போட்டுக்கொண்டே வந்தவர் என் பக்கத்தில் நின்றார். முன்னே பின்னே பார்த்திராதவர்போல முகத்தை வைத்துக்கொண்டார்.

“எங்கம்மா?”

“இன்னா, எங்கம்மாவா?” என்றேன்.

“மேல்மலையனூர் ஒண்ணு. அந்த மூட்டைக்கு லக்கேஜ் ஒண்ணு. சில்லறையா எடும்மா.”

எனக்கு வந்ததே கோபம்! “காலைல நான் வெச்ச உப்புமாவ துன்னுட்டு வந்து என்னையே லக்கேஜ் கேக்கிறியா?” என்று கத்திவிட்டேன். பஸ்ஸே கொல்லென்று சிரித்தது. ஒரு கிழவர் எழுந்து, “யோவ் கண்டக்டரு, ஊட்டுக்குப் போனா சோறு வேணாமா ஒனக்கு?” என்று கேட்டார். இவர் அசையவில்லை. இரண்டு டிக்கெட்டையும் கிழித்து என் கையில் திணித்தார். கடுகடுவென்று காசை எடுத்துக் கொடுத்தேன். இறங்கும்போது கூட்டத்தோடு கூட்டமாகக் குனிந்து, சாக்கைத் தானே தூக்கி இறக்கி வைத்துவிட்டு, “வித்து முடிச்சதும் வெயில்ல நிக்காத, மோர் வாங்கிக் குடி” என்று காதோரம் சொல்லிவிட்டுப் போனார். அந்த மனுஷனோடு எப்படித்தான் முழுசாகச் சண்டை போடுவது?

கோயிலுக்குப் போகிற வழியில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். வெயில் சாய்வதற்குள் ஒரு பழம் மிச்சமில்லை. அதற்கப்புறம் அமாவாசைக்கு அமாவாசை அதுவே வழக்கமாயிற்று. வந்ததை அப்படியே தபால் ஆபீசில் போட்டேன். ஒரு புடவை வாங்கியதில்லை, ஒரு சினிமா பார்த்ததில்லை. கேட்டால், “வூடு வாங்கணும்” என்பேன். ஊரில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம்.

கெடு முடிந்தும் பாயின் தம்பி பெரிதாக ஒன்றும் அனுப்பவில்லை. போகியம் அப்படியே நீண்டது. ஆறேழு வருடத்தில் அந்தக் கல் மனை நீங்கள் பார்த்தால் நம்ப மாட்டீர்கள், அப்படி மாறிப்போயிற்று. வரிசையாக எலுமிச்சை, நடுவில் பூச்செடி, சுவரோரம் வாழை. குரங்குக்கென்று இரண்டு வாழையை நானே விட்டுவைத்தேன். வெயில் நேரத்தில் தெருப்பெண்கள் அரிசி புடைக்கக்கூட அங்கேதான் வருவார்கள். பாயின் மனைவி ஊறுகாய்க்குப் பழம் பறிக்க வருவார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். காசு கொடுக்க வந்தால் வாங்க மாட்டேன், அவர் ஒரு டஜன் வளையலோடு வருவார், அதை வாங்கிக்கொள்வேன்.

எண்பதுகள் முடியப்போகிற சமயத்தில் பாயின் மகளுக்கு வரன் கூடி வந்தது. வீட்டை விற்கப் போகிறேன் என்று என்னிடம்தான் முதலில் வந்து சொன்னார். எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. எங்கள் தெருவில் அப்போது வீடுகள் விலைபோன கணக்கு எனக்குத் தெரியும். போகியப் பணம் போக மீதிக்கு என் தபால் ஆபீஸ் பணமும் என் வீட்டுக்காரர் வேலையில் வாங்கக்கூடிய கடனும் சரியாக இருந்தது. நாங்கள் வாங்கிக்கொள்கிறோம் என்றேன். “அதுக்கு முன்ன வெளி வெல ஒண்ணு பாத்துடறன் தங்கச்சி, பொண்ணு கல்யாணமாச்சே” என்றார். அதிலும் தப்பில்லை.

ஒரு வாரத்தில் புரோக்கர் ஒருவன் திண்டிவனத்து ஆள் ஒருவரைக் கூட்டி வந்தான். வெள்ளை வேட்டி, கையில் மோதிரம். வீட்டுக்குள் சும்மா எட்டிப் பார்த்தார். ஓடு உடைந்திருக்கிறது, சுவர் ஓதம் அடித்திருக்கிறது என்று உதட்டைப் பிதுக்கினார். பின்வாசலைத் தாண்டியதும் வாயைத் திறந்துகொண்டு நின்றுவிட்டார். என் மரத்தில் ஒரு பழத்தைப் பறித்து, முகர்ந்து, யாரையும் கேட்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“வூடு கெடக்குது வுடு. இந்தத் தோட்டத்துக்கே குடுக்கலாம்யா” என்று புரோக்கரிடம் சொன்னார்.

அவர் சொன்ன விலையை அன்று சாயங்காலம் பாய் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். எங்களால் எட்ட முடியாத விலை. கடன் மேல் கடன் வாங்கினாலும் எட்டாது. “நான் இன்னா பண்ணுவன் தங்கச்சி? ஒரு வாரம் டைம் கேட்டிருக்கறன். நீங்களும் பாருங்க” என்றார். அவர் முகத்தைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. அவர் போன பிறகு நான் பின்வாசலில் போய் உட்கார்ந்தேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். சும்மா இல்லை, வண்டி வைத்து, கூலி கொடுத்து, ஏரியில் இருந்து வரவழைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். கல்லாகவே விட்டிருந்தால் வீடு என்னுடையது. நான் பாடுபட்டதுதான் என்னை வெளியே தள்ளப் போகிறது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் டியூட்டிக்குப் போனதும் அரிவாளை எடுத்தேன். அழுது முடித்து, அப்புறம் நன்றாக யோசித்துத்தான் எடுத்தேன். மரம் இருந்தால் திண்டிவனத்தார் விலை. மரம் இல்லையென்றால் பழையபடி கல்லு மனை, தெரு விலை. அந்த விலைக்கு என்னிடம் பணம் இருக்கிறது. வீடு வேண்டுமென்றால் தோட்டம் போக வேண்டும், கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது. சுவரோரத்து மரத்துக்கு முன்னால் போய் நின்றேன். கோடையில் இலை சுருண்டு கிடந்து பிழைத்த மரம் அது. அரிவாளை ஓங்குவேன், இறக்குவேன். அந்த மரத்தைத் திட்டினேன், திண்டிவனத்தாரைத் திட்டினேன், என்னையும் விடவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, பின்னால், “ஐயையோ, இன்னா பண்றம்மா!” என்று குரல் கேட்டது. பாயின் மனைவி. ஊறுகாய்க்குப் பழம் பறிக்கக் கூடையோடு வந்திருக்கிறார்.

“இத வெட்டிட்டா வெல கொறையும்க்கா. வெல கொறைஞ்சா நான் வாங்கிப்பன்” என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதுவிட்டேன். அவர் என் கையில் இருந்து அரிவாளை வாங்கித் தன் கூடையில் போட்டு, மேலே முந்தானையை மூடிக்கொண்டு போய்விட்டார். அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு போனது எனக்கு இன்னும் கோபம். நல்ல அரிவாள்.

மத்தியானம் பாய் வந்தார். மறுபடி கடையைச் சாத்திவிட்டு. நேராகப் பின்பக்கம் போய்த் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கல் சுவரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குளிக்கிற கல் ஒன்றின்மேல் உட்கார்ந்தார்.

“வெட்டிடுவியா தங்கச்சி?”

“வெட்டிடத்தான் பாத்தன். கை வரல” என்றேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அவர் தலையைத் தடவிக்கொண்டார். “ஊட்ல நல்லா வாங்கிக் கட்டிக்கினன். ‘அவ வெச்ச மரத்துக்கு நீ வெல போட்டு வித்து நம்ம பொண்ணுக்கு நக போடணுமா’ன்னு கேக்கிறா. நான் ஒனக்குக் குடுத்தது கல்லும் முள்ளும்தான். அதுக்குத்தான் நான் வெல சொல்ல முடியும். தெரு வெலைக்கு எடுத்துக்க” என்றார்.

“கல்யாணச் செலவு, பாய்?”

“கல்யாணத்த கொஞ்சம் சின்னதா பண்ணா மாப்புள ஓடிடுவானா?”

எனக்கு அவர் காலில் விழ வேண்டும் போல இருந்தது. விழவில்லை, அவருக்குப் பிடிக்காது. உள்ளே போய்க் காப்பி போட்டேன். சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன் என்று பிற்பாடுதான் தெரிந்தது. முகம் சுளிக்காமல் குடித்துவிட்டுத்தான் போனார்.

பத்திரம் எழுத ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே இருந்த பத்திர எழுத்தரிடம் போனோம். பாய், நான், என் வீட்டுக்காரர். முத்திரைத்தாள் என் வீட்டுக்காரர் பெயரில்தான் வாங்கியிருந்தது. எல்லா வீட்டிலும் அப்படித்தான், அதை யாரும் யோசித்துக்கூடப் பார்ப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. எழுத்தர் எழுதி முடித்ததும் கணீரென்று படித்துக் காட்டினார். நான்கு எல்லையும் சொல்லி முடித்து, “மேற்படி மனையும், கட்டடமும், கிணறும், மாவடை மரவடையும் உள்பட” என்று வந்தார்.

“கெணறு எங்க கீது?” என்றார் என் வீட்டுக்காரர்.

“இருந்தாலும் இல்லாட்டியும் எழுதறதுதான் சார், வழக்கம்” என்றார் எழுத்தர்.

பாய் கையை நீட்டி நிறுத்தினார். “கெணறு கெடக்கட்டும். மாவடை மரவடைன்னா நெலத்துல கீற மரம் செடி எல்லாம்தான?”

“ஆமா பாய்.”

“அத எடுத்துடுங்க. நான் அத விக்கல.”

எழுத்தருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இன்னா பாய் சொல்றீங்க? மாவடை மரவடை இல்லாம கிரயப் பத்திரமே கெடையாது. நாளைக்கு நீங்களோ ஒங்க புள்ளைங்களோ வந்து மரம் எங்களுதுன்னு நின்னா இவங்க கதி?”

“நான் எப்படி நிப்பன்? மரம் என்னுது இல்ல. என்னுது இல்லாதத நான் எப்படி விக்கிறது? வித்தா அது எனக்குப் பாவம்யா.”

இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பேசினார்கள். பக்கத்துத் திண்ணையில் பத்திரத்துக்குக் காத்திருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் எழுத்தரே ஒரு வழி சொன்னார். மாவடை மரவடை என்கிற சொல் இருக்கட்டும், அதன் கீழே ஒரு வரி சேர்த்துவிடலாம். மரங்கள் கிரயம் பெறுபவராலேயே வைத்து வளர்க்கப்பட்டவை, அவற்றுக்கு விலை ஏதும் வாங்கவில்லை என்று. பாய் மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, சரி என்றார். எழுத்தர் பேனாவைத் திறந்தார்.

அதுவரை ஓரமாக நின்ற என் வீட்டுக்காரர், “சார், இருங்க” என்றார். “கிரயம் பெறுபவர்னா அது நானு.”

“ஆமா சார். ஒங்க பேர்தான போட்டிருக்குது.”

“அப்ப அந்த வரி பொய்யா பூடும். மரம் வெச்சது நானில்ல. இவ. நான் குளிச்சதோட சரி.”

எழுத்தர் சலித்துக்கொண்டார். “புருஷன் பொண்டாட்டிக்குள்ள இன்னா சார் இது? யாரு வெச்சா இன்னா?”

“பாய் அவருது இல்லாதத விக்க மாட்டன்றாரு. நான் மட்டும் என்னுது இல்லாதத என் பேர்ல எழுதிக்கலாமா? பத்திரத்த இவ பேர்ல போடுங்க.”

“முத்திரத்தாளு ஒங்க பேர்ல வாங்கினது. இவ்ளோ எழுதினதும் வீணு. புதுசா வாங்கணும்.”

“வாங்கிட்டு வரன்” என்று சொல்லிவிட்டு அவர் தெருவைத் தாண்டி நடந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாய் தன் சட்டைப் பையில் கைவிட்டுக்கொண்டு, தாளுக்குத் தானும் தருவதாகச் சொல்லி அவர் பின்னாலேயே ஓடினார்.

புதுத் தாள் வந்தது. எழுத்தர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“பேரு சொல்லும்மா.”

நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ வருடமாக நம்ம வீடு, நம்ம வீடு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள், அதில் என் பெயர் எழுதியிருக்கும் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் சுவரில் ஒட்டியிருந்த பழைய காலண்டரை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா, பேரு மறந்து பூட்டியா?” என்றார் எழுத்தர். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். சரியாகக் கேட்கவில்லை என்று மறுபடி சொல்லச் சொன்னார். இந்தத் தடவை தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். அவர் அதை எழுதினார்.